பேய்க்கரும்பும் பெருமாட்டியும்

அரூரில் கூட்டம். மாலை ஆறு மணிக்கு மேடையில் இருந்திருக்க வேண்டிய நாம், ஏழு மணிக்கும் சேலம் சாலையிலேயே இருந்தோம். காரணம், கரும்பு! முன்னே ஒரு டிராக்டர். அதற்கு முன்னே ஒன்று. அதற்கும் முன்னே இன்னொன்று. ஒவ்வொன்றின் முதுகிலும் குன்று போலக் கரும்புப் பாரம். கோபாலபுரத்துச் சுப்பிரமணிய சிவா கூட்டுறவுச் சர்க்கரை ஆலையை நோக்கிச் செல்லும் ஊர்வலம் அது. உழவனின் ஊர்வலத்துக்கு மேடைப் பேச்சாளனின் ஊர்வலம் வழிவிடுவதுதானே முறை! வழிவிட்டோம். சாலையோரத் தேநீர்க் கடையில் இறங்கி அமர்ந்தோம்.

அங்கே ஒரு பெரியவர். பக்கத்தில் கல்லூரியில் படிக்கும் அவருடைய பேரன். வண்டிகளில் ஒன்று அவர்களுடையது. என்ன ரகம் என்று பேச்சுக்குக் கேட்டு வைத்தோம். கோ 86032 என்றார் பெரியவர். அதிலே வருகிற அந்தக் கோ என்பது என்ன என்று நம்மைப் பார்த்துக் கேட்டான் பேரன். மேடையேறிப் பழகிய நாக்கு சும்மா இருக்குமா? கோ என்றால் அரசன், கரும்புகளுக்கெல்லாம் இது அரசன், ஆகவே கோ என்று அடித்துவிட்டோம்! கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருவர் கையும் தட்டினார். பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. கோ என்றால் கோயமுத்தூர் என்று தன்மையாகச் சொல்லிவிட்டு, மீதித் தேநீரைக் குடித்து முடித்தார்.

தமிழ் தெரிந்தால் போதும், எல்லாம் தெரிந்துவிடும் என்று எண்ணுகிறவர்களுக்கு இப்படி ஓர் அடி அவ்வப்போது விழுவது நல்லது. நமக்கு விழுந்தது. கூட்டத்தை முடித்து ஊர் திரும்பியதும், கோயமுத்தூருக்கும் கரும்புக்கும் என்ன தொடர்பு என்று ஏடுகளைப் புரட்டத் தொடங்கினோம். வெட்கத்தில் தொடங்கிய படிப்பு வியப்பில் கொண்டுபோய் விட்டது. அந்த ஏடுகளுக்குள்ளே ஒரு பெருமாட்டியைச் சந்தித்தோம். அவரைப் பற்றித்தான் இன்று எழுதுகிறோம்.

எடவலத்து கக்காட்டு ஜானகி அம்மாள். 1897-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள், தலைச்சேரியில் பிறந்தவர். தலைச்சேரி அந்நாளில் சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்து ஊர். தந்தை கிருஷ்ணன் நீதித் துறையில் பதவி வகித்தவர். பறவைகளைப் பற்றியும் செடிகளைப் பற்றியும் குறிப்பெழுதி வைக்கும் பழக்கமுள்ளவர். வீட்டைச் சுற்றித் தோட்டம், வீட்டுக்குள்ளே புத்தகம், வீடு நிறையப் பிள்ளைகள்.

கொடுத்து வைத்த பிறப்பு என்று எண்ணிவிட வேண்டாம், தோழர்களே! குடும்பம் தீயர் வகுப்பு. மலபார் என்றால் எந்த மலபார்? தொட்டால் தீட்டு என்று சொன்ன ஊர்கள் பல உண்டு. அருகில் வந்தாலே தீட்டு என்று, இன்ன சாதிக்காரன் இத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று, அளவுகோல் வைத்து மனிதனை அளந்த மலபார்! விவேகானந்தர் பைத்தியக்கார விடுதி என்று பழித்த மண் அது. அந்தக் கணக்கிலே தீயருக்கும் ஓர் எல்லை குறிக்கப்பட்டிருந்தது. போதாக்குறைக்கு, ஜானகியின் தாய்வழிப் பாட்டனார் ஒரு வெள்ளைக்காரர். ஹானிங்டன் என்ற பெயருடைய ஆங்கில அதிகாரி. பாட்டி தீயர் குலப் பெண். சாதிக்காரர்களின் நாக்கு இப்படிப்பட்ட குடும்பத்தை எப்படிச் சுட்டிருக்கும் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. கலப்பு என்ற சொல்லே வசைச் சொல்லாக வழங்கிய காலம்.

இந்தச் சொல்லை மட்டும் நினைவில் நிறுத்திக்கொள்ளுங்கள். மறுபடியும் இதனிடம் வருவோம்.

1911-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி இந்த நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் நூற்றுக்கு ஒருவர். அந்த ஒருவரிலும் பலர் கடிதம் எழுதும் அளவோடு நின்றவர்கள். ஜானகி நிற்கவில்லை. தலைச்சேரியில் பள்ளிப் படிப்பு. பிறகு சென்னை இராணி மேரிக் கல்லூரி. பிறகு மாநிலக் கல்லூரி. 1921-ல் தாவரவியலில் ஆனர்ஸ் பட்டம். சென்னைப் பெண்கள் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியை வேலை. வீட்டிலே மண ஏற்பாடு, உறவிலேயே மாப்பிள்ளை. அந்த நேரம் பார்த்து அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலிருந்து உதவித்தொகை வந்தது. கீழை நாட்டுப் பெண்கள் உயர்கல்வி பெறவென்று பார்பர் என்ற செல்வர் நிறுவிய உதவித்தொகை அது. ஒரு கையில் தாலி, மறு கையில் கப்பல் சீட்டு. ஜானகி கப்பல் சீட்டைத் தேர்ந்தெடுத்தார். கடைசி வரையில் மணம் செய்துகொள்ளவே இல்லை.

மிச்சிகனில் முதுகலைப் பட்டம், மீண்டும் சென்னை வந்து ஆசிரியை வேலை, மீண்டும் மிச்சிகன், 1931-ல் டாக்டர் பட்டம். அமெரிக்க நாட்டுக்குப் போய்த் தாவரவியலில் அந்த உயரத்தை எட்டிய இந்தியப் பெண் அவருக்கு முன் இருந்ததாகத் தெரியவில்லை. திரும்பி வந்து திருவனந்தபுரம் மகாராஜா அறிவியல் கல்லூரியில் இரண்டாண்டு பேராசிரியர். 1934-ல் கோவை, கரும்பு இனப்பெருக்க நிலையம்.

இங்கே கொஞ்சம் நின்று, கரும்பின் கதையைச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் அந்த அம்மையார் அங்கே போய் என்ன செய்தார் என்பது விளங்காது.

கரும்பு நமக்குப் பழைய சொத்து. சங்கப் புலவர்கள் பாடிய பயிர். வெல்லமும் கற்கண்டும் உலகுக்குக் கற்றுக் கொடுத்தவர்கள் இந்த நாட்டவர். ஆனால் இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது நிலைமை என்ன தெரியுமா? நம் வீட்டுக் காப்பிக்குச் சர்க்கரை, ஜாவாத் தீவிலிருந்து கப்பலேறி வந்தது! வட இந்தியாவில் கரும்பு பயிரிட்ட நிலம் பெரிது. கரும்போ விரல் தடிமன், நாணல் போன்றது. தெற்கே விளைந்தது தடித்த கரும்பு. பொங்கலுக்கு வாங்கிக் கடிக்கிறோமே, பெரும்பாலும் அந்த இனம். சாறு உண்டு, இனிப்பு உண்டு, மென்மை உண்டு. ஆனால் பனி தாங்காது; வறட்சி தாங்காது; செவ்வழுகல் நோய் வந்தால் கொல்லை முழுவதும் சாய்ந்துவிடும்.

இந்தத் தடித்த கரும்புக்கு ஜாவாவை ஆண்ட டச்சுக்காரர்கள் வைத்த பெயர் என்ன தெரியுமா? உயர்குலக் கரும்பு! நாம் கற்பனை செய்து சொல்லவில்லை; உலகெங்கும் கரும்பு விஞ்ஞானிகள் இன்றும் வழங்கும் பெயர் அதுதான். அந்த உயர்குலத்துக்கு ஜாவாவில் நேர்ந்தது என்ன? பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் செரே என்றொரு நோய் புகுந்தது. தோட்டம் தோட்டமாக உயர்குலம் குட்டையாகிச் சுருண்டது. முதலாளிகள் தலையில் கை வைத்தார்கள். கடைசியில் உயர்குலத்தைக் காப்பாற்ற வந்தது யார்? காட்டிலும் ஆற்றங்கரையிலும் யாரும் நடாமல், யாரும் நீர் ஊற்றாமல், யாரும் மதிக்காமல் வளர்ந்து கிடந்த காட்டுக் கரும்பு!

நம் ஊரில் அதற்குப் பெயர் பேய்க்கரும்பு. எவ்வளவு அன்பான பெயர் பாருங்கள்! இனிப்பு ஏறக்குறைய இல்லை, உள்ளே சக்கை, வெள்ளைப் பூங்கதிர் மட்டும் காற்றில் ஆடும். உழவன் கண்ணுக்குக் களை. ஆனால் வெள்ளம் வந்தாலும் நிற்கும், வெயில் காய்ந்தாலும் நிற்கும், நோய் அண்டாது, வேர் ஆழப் போகும். இந்தப் பேயோடு அந்த உயர்குலத்தைக் கலந்தார்கள். பிறந்த பிள்ளையை மீண்டும் இனிப்புக் கரும்போடு கலந்தார்கள். காட்டின் உரமும் கொல்லையின் இனிப்பும் ஒரே தண்டில் வந்து சேர்ந்தன.

சொல்வது எளிது, செய்வது எளிதன்று. உழவன் கரும்பை விதை போட்டு வளர்ப்பதில்லை. கரணை வெட்டி நடுகிறான். கரணையில் முளைப்பது தாயின் அச்சு. புது ரகம் பிறக்க வழியில்லை. புது ரகம் வேண்டுமானால் கரும்பு பூக்க வேண்டும், ஒன்றின் மகரந்தம் இன்னொன்றின் பூவில் விழ வேண்டும், தூசு போன்ற விதை பிடிக்க வேண்டும். கரும்பு விதை முளைக்கும் என்பதையே 1880-களில்தான் ஜாவாவிலும் பார்படோஸ் தீவிலும் கண்டுபிடித்தார்கள். வட இந்தியக் குளிரில் கரும்பு சரியாகப் பூப்பதில்லை. கோவையின் காற்றில் பூக்கிறது, விதையும் பிடிக்கிறது. அதனால்தான் பஞ்சாபுக்கும் பீகாருக்கும் வேண்டிய கரும்பைப் பிறப்பிக்கும் தொட்டில் 1912-ல் கோவையில் கட்டப்பட்டது. பார்பர் என்ற ஆங்கிலேயரும் (உதவித்தொகைப் பார்பர் வேறு, இவர் வேறு) டி. எஸ். வெங்கட்ராமன் என்ற நம் நாட்டு விஞ்ஞானியும் தொட்டிலை ஆட்டினார்கள். 1918-ல் வெளிவந்தது கோ 205. தாய்க் கரும்பின் பெயர் வெள்ளை. தந்தை, கோவைப் பக்கத்துப் பேய்க்கரும்பு. வட இந்திய வயல்களில் பழைய ரகத்தைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விளைந்தது அந்தக் கலப்புப் பிள்ளை.

அதன் பிறகு வரிசையாகக் கோ ரகங்கள். 1932-ல் வெளிநாட்டுச் சர்க்கரைக்குக் காப்பு வரி போட்டார்கள். அப்போது நாட்டில் இருந்த ஆலைகள் சுமார் 30. ஐந்தே ஆண்டுகளில் 130-ஐத் தாண்டின. வரி மட்டும் போட்டிருந்தால் ஆலை வந்திருக்கும், அரைக்கக் கரும்பு வந்திருக்காது. ஜாவாச் சர்க்கரை கரை இறங்குவது நின்றது. கோவையில் பிறந்த பிள்ளைகள் க்யூபாவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் போய் வேரூன்றின.

ஜானகி அம்மாள் கோவைக்கு வந்தபோது இந்த வெற்றி ஏற்கெனவே நடந்து கொண்டிருந்தது. இதை நாம் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நாட்டின் கரும்பை இனிக்க வைத்தவரே ஜானகி அம்மாள்தான் என்று இப்போது பலர் எழுதுகிறார்கள், பேசுகிறார்கள். கோ 205 வெளிவந்த ஆண்டில் அவர் கல்லூரி மாணவி! நேற்று வரை பெயர் சொல்லாதவர்கள் இன்று தேவியாக்கித் தேரில் ஏற்றப் பார்க்கிறார்கள். அம்மையார் அப்படிப்பட்ட பொய்ப் புகழைத் தாங்க வேண்டிய நிலையில் இல்லை. செய்ததே போதிய அளவு பெரிது.

என்ன செய்தார்? கலந்தால் உரம் வருகிறது என்பது கண்ணுக்குத் தெரிந்தது. ஏன் வருகிறது? எந்தப் பேய்க்கரும்பைக் கலந்தால் வரும், எதைக் கலந்தால் வராது? அதற்கு உயிரணுவுக்குள்ளே போய்ப் பார்க்க வேண்டும். அங்கே குரோமோசோம் என்ற நூலிழைகள் இருக்கின்றன; பரம்பரைக் குணத்தைத் தாங்கிச் செல்பவை. உயர்குலக் கரும்பில் அவை 80. கோவைப் பேய்க்கரும்பில் 64. தாயிடமிருந்து பாதி, தந்தையிடமிருந்து பாதி என்பது உலக வழக்கம். இங்கேயோ தாய் தன் 80-ஐயும் அப்படியே கொடுத்துவிடுகிறது, தந்தை 32 கொடுக்கிறது, பிள்ளைக்கு 112! ஜாவாவில் பிரெமர் என்ற விஞ்ஞானி கண்ட விந்தை இது. இப்படி எண்ணிப் பார்க்கிற கலையில் தேர்ந்தவர் ஜானகி. மயிரிழையைவிட மிக மிக மெல்லிய இழைகளை, உருப்பெருக்கியின் கீழே வைத்து, ஒன்று இரண்டு என்று எண்ணுவது. ஒரு செடிக்கு ஒரு நாள் ஆகலாம், ஒரு வாரமும் ஆகலாம்.

அவர் இந்த நாட்டின் பேய்க்கரும்புகளை ஊர் ஊராகத் திரட்டி எண்ணினார். ஓரிடத்துச் செடிக்கும் இன்னோரிடத்துச் செடிக்கும் கணக்கு ஒத்துவரவில்லை. ஒன்றில் ஓர் எண்ணிக்கை, இன்னொன்றில் வேறோர் எண்ணிக்கை. பார்வைக்கு ஒரே புல், உள்ளே அத்தனை வேற்றுமை! அந்தக் காட்டுக் கரும்பின் தாயகம் இந்த நாடுதான் என்ற முடிவுக்கு அவருடைய ஆராய்ச்சி வலுச் சேர்த்தது. களை என்று கொளுத்தப்படுவது ஒரு கருவூலம் என்பதை எண்ணிக்கை போட்டுக் காட்டினார். இனக்கலப்பு செய்கிறவனுக்கு இது வழிகாட்டி வரைபடம்.

இன்னும் துணிந்தார். கரும்பைக் கரும்போடு மட்டுமா கலக்க முடியும்? கரும்பின் தூரத்து உறவான புற்களோடு கலந்தார். மக்காச் சோளத்தோடு கலந்தார்! கரும்பும் சோளமும் கலந்து பிறந்த அந்தப் பயிரைப் பற்றி 1938-ல் லண்டன் நேச்சர் ஏட்டில் எழுதினார். இந்தப் பிள்ளைகளில் எதுவும் ஆலைக்குப் போகவில்லை. உழவன் கொல்லைக்கும் வரவில்லை. பயன் என்ன என்று கேட்கலாம். பெரியவர் வண்டியில் ஏறிப் போன 86032-க்குப் பின்னால் இப்படி ஆலைக்குப் போகாத ஆயிரம் செடிகள் நிற்கின்றன. வேலி எங்கே இருக்கிறது, எது கடக்கக் கூடியது, எது கூடாதது என்று முதலில் ஒருவர் போய்த் தொட்டுப் பார்த்து வந்தால்தானே பின்னால் வருகிறவன் பாதை போடுவான்?

சர். சி. வி. இராமன் இந்திய அறிவியற் கழகத்தைத் தொடங்கியபோது, தொடக்க காலத்திலேயே அதில் இடம் பெற்றவர் ஜானகி அம்மாள். வெளியே இந்தப் பெருமை. கோவையில் கூட வேலை செய்தவர்களிடையே? அவருடைய வாழ்க்கையை ஆராய்ந்து எழுதியவர்கள் சொல்வது இதுதான்: தனித்து வாழ்கிற பெண், அதிலும் தாழ்ந்தது என்று முத்திரை குத்தப்பட்ட வகுப்பு, ஆண்கள் நிறைந்த அந்த இடத்தில் அவருக்கு அமைதி இல்லை. எண்ணிப் பாருங்கள், தோழர்களே! பகலெல்லாம் பேய்க்கரும்பையும் உயர்குலக் கரும்பையும் கலந்து, கலப்பே உரம் என்று மெய்ப்பித்துக் கொண்டிருந்த கூடாரத்திலே, பக்கத்து நாற்காலியில் இருந்தவரின் பிறப்பைக் கணக்குப் பார்த்த மனிதர்கள்! உருப்பெருக்கியில் பார்த்தது ஒன்று, ஊர்க் கண்ணால் பார்த்தது வேறொன்று. படிப்பு விஞ்ஞானம், புத்தி வைதீகம். இந்த இரட்டை வாழ்க்கையை நாம் எத்தனையோ அலுவலகங்களில் பார்த்திருக்கிறோம். ஆராய்ச்சிக் கூடத்தில் பார்க்கும்போது மட்டும் அடிவயிறு எரிகிறது.

1939 ஆகஸ்டில் எடின்பரோ நகரில் உலக மரபியல் மாநாடு. ஜானகி போனார். மாநாடு முடிந்த சில நாட்களில் உலகப் போர் வெடித்தது. அங்கேயே தங்கிவிட்டார். லண்டனை அடுத்த மெர்ட்டனில் ஜான் இன்னஸ் ஆராய்ச்சி நிலையம் வேலை கொடுத்தது. இரவெல்லாம் ஜெர்மன் குண்டு. குண்டு விழும்போது கட்டிலுக்கு அடியில் பதுங்குவது, விடிந்ததும் உடைந்த கண்ணாடித் துண்டுகளைத் துடைத்துவிட்டு மறுபடி உருப்பெருக்கியின் முன் உட்காருவது என்று காலம் கழிந்ததாக வீட்டார் சொல்வதுண்டு. நம் ஊர் அணிற்பிள்ளை ஒன்றைச் சேலைக்குள் ஒளித்துச் சீமைக்குக் கொண்டுபோய் வளர்த்தார் என்றும் சொல்வார்கள். அது மெய்யாக இருக்க வேண்டும் என்று நமக்கு ஆசை.

1945-ல், டார்லிங்டன் என்ற பேர்பெற்ற விஞ்ஞானியோடு சேர்ந்து, மனிதன் பயிரிடும் செடிகளின் குரோமோசோம் கணக்கு அத்தனையையும் தொகுத்து ஒரு பெரும் நூலை வெளியிட்டார். ஆயிரக்கணக்கான செடிகள். நெல் முதல் ரோஜா வரை எது எந்த நாட்டில் பிறந்தது, எதனோடு எது உறவு என்று உலகத் தோட்டத்துக்கே பிறப்புப் பதிவேடு! அட்டையில் டார்லிங்டன் பெயரும் ஜானகி அம்மாள் பெயரும் சமமாக நின்றன. பிறகு விஸ்லியில் அரசத் தோட்டக் கழகத்தின் வேலை. கொல்சிசின் என்ற மருந்தால் மக்னோலியா மரக்கன்றின் குரோமோசோமை இரட்டிப்பாக்கினார். அவர் பெயர் தாங்கிய ஒரு மக்னோலியா இன்றும் வெள்ளை வெளேரென்று பூக்கிறது. பூந்தோட்டத்தைவிட நமக்குக் கரும்புத் தோட்டமே பெரிது. ஆகவே அதை விட்டு மேலே போவோம்.

1951-ல் பிரதமர் நேரு அழைத்தார், தாயகம் திரும்பினார். இந்தியத் தாவர ஆய்வுத் துறையைச் சீரமைக்கும் பணி. வெள்ளைக்காரன் தொடங்கிய துறை அது. நம் காட்டுச் செடிகளின் காய்ந்த மாதிரிகளில் முதன்மையானவை லண்டன் கியூ தோட்டத்துப் பெட்டிகளில்; பெயர் வைத்தவன் வெள்ளைக்காரன்; நம் செடி என்ன செடி என்று தெரிய நாம் கப்பலேற வேண்டும்! இந்த நிலை மாற வேண்டும், இந்த நாட்டுச் செடியை இந்த நாட்டவர் திரட்டி இந்த நாட்டிலேயே வைத்து ஆராய வேண்டும் என்று வாதாடினார். அலகாபாத்தில் மத்தியத் தாவரவியல் ஆய்வுக்கூடத்தின் பொறுப்பை ஏற்றார். வாதத்தில் எல்லாம் வென்றுவிட்டார் என்று சொல்ல முடியாது. டில்லியில் கோப்புகள் எப்படி நகரும் என்பது தெரிந்தவர்களுக்கு இது வியப்பாக இராது.

அந்த ஆண்டுகளில்தான் அவர் மனத்தில் ஒரு பெரிய மாற்றம். அதிக உணவு விளைப்போம் என்று அரசாங்கம் முழங்கிய காலம். முழக்கம் நல்லதுதான், வயிறு காய்ந்த நாடு. ஆனால் முழக்கத்தைக் கேட்டவர்கள் முதலில் கோடரியைத்தான் எடுத்தார்கள். அரிய மக்னோலியா மரம் ஒன்றைத் தேடி ஷில்லாங்கிலிருந்து 37 மைல் போனார் ஜானகி. அந்த வட்டாரத்தில் எஞ்சியிருந்தது அந்த ஒரு மரம்தான். போய்ப் பார்த்தால், எரிக்கப்பட்டுக் கரிக்கட்டை! டார்லிங்டனுக்கு எழுதிய கடிதத்தில் இதைச் சொல்லி வருந்தியிருக்கிறார். பேய்க்கரும்பைக் கருவூலம் என்று எண்ணிக் காட்டியவருக்கு, எரிந்த மரம் வெறும் மரமா? எண்ணப்படாமலே போன ஒரு கணக்கல்லவா?

1955-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில், மண்ணின் முகத்தை மனிதன் எப்படி மாற்றினான் என்று ஆராய உலக அறிஞர்கள் எழுபது பேர் அளவில் கூடினார்கள். அழைக்கப்பட்ட பெண் இவர் ஒருவரே. அங்கே அவர் பேசியது சர்க்கரையைப் பற்றியன்று, ஆலையைப் பற்றியன்று. இந்தியாவில் காட்டை நம்பி வாழும் மக்கள், கிழங்கு அகழ்ந்து, தினை விதைத்து, மலைச் சரிவை மாற்றி மாற்றி உழுது எப்படிப் பிழைக்கிறார்கள் என்பதைப் பற்றி! செடிகளைப் பற்றிய அறிவு அந்த மக்களிடம், குறிப்பாகப் பெண்களிடம் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பற்றி! உலக அரங்கில் போய் நாகரிகம் பெற்ற இந்தியா என்று விளம்பரம் செய்வார்கள் மற்றவர்கள். இவர் மலைவாழ் மக்களின் பொருளாதாரத்தை எடுத்து வைத்தார்.

அரூர்க்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நிமிர்ந்தால் சித்தேரி மலை. அங்கே சாமை விதைக்கும் மலையாளிகள் இருக்கிறார்கள். அந்தச் சாமை எந்த மண்ணில் எந்த மழைக்கு வரும், எந்தக் கிழங்கை எந்த மாதம் தோண்டலாம், எந்த இலை எந்த நோய்க்கு என்பதெல்லாம் அந்த மலைப் பெண்களுக்குத் தெரியும். சமவெளியிலிருந்து போகிற நாம் அவர்களுக்குப் பாடம் சொல்லப் பார்க்கிறோம். உலகத்துச் செடிகளுக்கெல்லாம் பதிவேடு எழுதிய ஜானகி அம்மாளோ, தம் கடைசிப் பருவத்தில், இத்தகைய மக்களிடம் கேட்டுக் கேட்டு மருந்துச் செடிகளைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார்.

ஜம்மு ஆய்வுக்கூடம், டிராம்பே அணு ஆராய்ச்சி நிலையம் என்று சில காலம் சுற்றிய பிறகு, 1970-ல் சென்னைக்கே வந்துவிட்டார். சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் உயராய்வு மையத்துக்கு மதுரவாயலில் ஒரு வயல் ஆய்வுக்கூடம் இருந்தது. அங்கேயே வேலை, அங்கேயே வாசம். உயர்ந்த உருவம், மஞ்சள் சேலை, மருந்துச் செடிப் பாத்திகள். 1977-ல் பத்மஸ்ரீ வந்தது. எண்பதை நெருங்கிய வயதில்! நாற்பது வயதில் கோவையில் ஒரு நிம்மதியான நாற்காலி கொடுத்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்று நமக்குத் தோன்றுகிறது.

ஓய்ந்தாரா? கேரளத்தில் அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டப் போகிறார்கள், மழைக்காடு மூழ்கப் போகிறது என்ற செய்தி வந்தது. எதிர்த்து நின்ற அறிவியலாரில் இவரும் ஒருவர். எதிர்ப்பென்றால் அறிக்கை விட்டு ஓய்வதன்று. அந்தக் காட்டுச் செடிகளின் குரோமோசோமை எண்ணிப் பதிவு செய்யக் கிளம்பினார், எண்பதைத் தாண்டிய வயதில்! மூழ்குவதற்கு முன் எண்ணிவிட வேண்டும் என்ற பதைப்பு. அணைத் திட்டம் கைவிடப்பட்டது. 1984 நவம்பரில் அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதைக் காண அவர் இல்லை. அந்த ஆண்டு பிப்ரவரி 7-ஆம் நாள், மதுரவாயல் ஆய்வுக்கூடத்தில், வேலைக்கு நடுவே மறைந்தார். வயது 86. தம்மைப் பற்றி ஒரு நூலும் எழுதி வைக்கவில்லை.

இவ்வளவையும் படித்து முடித்த பிறகு, மீண்டும் அரூர்ப் பக்கம் போகிற வேலை வந்தது. அதே தேநீர்க் கடை. சொல்லி வைத்தாற்போல் பெரியவரும் இருந்தார். பேரன் கல்லூரிக்குப் போயிருந்தான். கோ என்றால் அரசன் என்று அளந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டோம். பிறகு தலைச்சேரிப் பெண்ணின் கதையைச் சொன்னோம், மேடைக் குரலில் அல்ல, மெதுவாக. கரும்பையும் சோளத்தையும் கலந்த இடத்தில் பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். சாதியைச் சொன்ன இடத்தில் தலையை மட்டும் ஆட்டினார். பேய்க்கரும்பை எண்ணிய இடத்தைத்தான் இரண்டு தடவை கேட்டார்.

தம் கொல்லைக்குப் பின்னால் வாணியாற்றங்கரையில் அது புதராக நிற்கிறதாம். ஆண்டுதோறும் கோடையில் கொளுத்துகிறாராம். வாருங்கள் என்று கையைப் பிடித்து அழைத்துப் போனார். போய்ப் பார்த்தோம்; ஆள் உயரத்துக்கு மேல், வெள்ளைக் கதிரோடு நின்றது. நம் கரைப் புல்லில் அந்தக் கணக்கு எத்தனை இருக்கும் என்று கேட்டார். ஊருக்கு ஊர் மாறும், எண்ணினால்தான் தெரியும் என்றோம். யார் வந்து எண்ணுவார்கள் என்று கேட்டுவிட்டு, மடியிலிருந்து எடுத்த தீப்பெட்டியில் ஒரு பீடியைப் பற்றவைத்துக் குச்சியை அணைத்து, காலால் நன்றாக மிதித்துவிட்டு, வீட்டைப் பார்த்து நடந்தார்.